தங்கச்சி எடுக்காத சிப்பாய்

நுவரெலியாவில் அந்த மண்டபத்தின் கண்ணாடி ஜன்னல்களில் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. வெளியே மழை இல்லை, பனிமூட்டம்தான். மண்டபம் முழுக்க ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை. யாரோ தலைவலிக்குத் தைலம் தடவியிருந்தார்கள், அந்த வாடையும் சேர்ந்துகொண்டது.

மேசைமேல் சதுரங்கப் பலகை. பக்கத்தில் இரட்டைக் கடிகாரம். எதிர் நாற்காலியில் என் தங்கை தர்ஷி.

நடுவர் தலை நரைத்த சிங்களவர். எங்கள் மேசைக்கு வந்து, "நங்கிலா தென்னாம ரெடித?" என்றார். தங்கச்சிகள் இரண்டு பேரும் தயாரா என்று கேட்கிறார். அப்புறம்தான் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு பெயருக்கும் முன்னால் ஒரே தகப்பன் பெயர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அக்காய் நங்கியித?"

அக்காவும் தங்கையும்தான் என்று தர்ஷி தலையை ஆட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் காய்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர்தான் சிரித்தார். "அப்ப இது ட்ரோதான். பத்து நிமிசத்துல கை குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவாங்க" என்று தன் எதிராளியிடம் சொன்னார். யாருக்கும் வெற்றி தோல்வி இல்லாமல் சமநிலையில் முடித்துக்கொள்வோமாம். எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

எனக்குக் காது சூடானது. தர்ஷி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொண்டாள். அவ்வளவு குளிரில்.

மாவட்ட அணியில் பெண்களுக்கு ஓர் இடம் பாக்கி இருந்தது. அதற்கான தெரிவுப் போட்டியின் கடைசிச் சுற்று அது. தர்ஷி என்னைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே இடம் அவளுக்கு. நான் போக வேண்டுமென்றால் அவளைத் தோற்கடிக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

வெள்ளைக் காய் எனக்கு. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவளும் அதையே செய்தாள். அடுத்ததாக என் கை பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாயிடம் போனது.

காயைத் தொடாமல் ஒரு நொடி கையை அங்கேயே வைத்திருந்தேன்.

ஒரே ஒரு பாடம்

இந்தத் தொடரில் இதுவரை அட்டன் மருந்துக் கடைக் கதைகளாகவே எழுதிக்கொண்டிருந்தேன். இருமல் மருந்து கேட்டு வந்தவர் தன் கலியாணக் கதையைச் சொல்லிவிட்டுப் போனது, மாத்திரை அட்டையில் ஒன்றை மட்டும் வெட்டித் தரச் சொன்னவர், இப்படி. "மருந்துக் கடையை விட்டால் உங்களுக்கு வேறு வாழ்க்கை இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது. இந்த வாரம் அதுதான்.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்ட காலத்தில் நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். தர்ஷிக்கு சாதாரண தரம். நாங்கள் இருப்பது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஊரடங்குக்கு முன்னால் வந்தபோது அப்பா ஒரு தொடுதிரை போன் வாங்கி வந்திருந்தார். பிள்ளைகள் படிப்பதற்கு என்று.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு, அதன்மேல் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாறையைச் சுற்றித்தான் நிற்போம். பள்ளிக்கூடப் பாடத்தை இறக்கிக்கொண்டு கீழே ஓடிவந்து படிக்க வேண்டும்.

அந்த போனில்தான் சதுரங்கம் வந்தது. சிக்னல் இல்லாமலே ஆடலாம் என்பதால் எங்களுக்குப் பிடித்துப் போயிற்று. முதலில் போனோடு ஆடினோம். அப்புறம் எங்களுக்குள் ஆடினோம். போன் சார்ஜ் போனதும் அடித்துக்கொண்டோம். பிறகு டவுனுக்குப் போன யாரையோ பிடித்துப் பிளாஸ்டிக் காய்கள் வாங்கினோம்.

ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று பாடம் சொல்லும் காணொளிகள் இருப்பதாக தர்ஷி கண்டுபிடித்தாள். பாறைமேல் ஏறி, ஒரு பிற்பகல் முழுக்க முயன்று, பலவற்றை இறக்கப் பார்த்தோம். எல்லாம் பாதியில் நின்றுவிட்டன. ஒன்று மட்டும் முழுதாக இறங்கியது. இந்தியத் தமிழில் யாரோ ஒருவர் வேகவேகமாகப் பேசும் காணொளி. அதன் பெயர் கிங்ஸ் கேம்பிட்.

விஷயம் இதுதான். இரண்டாவது நகர்த்தலிலேயே, பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தூக்கி எதிராளியின் வாயருகே வைத்துவிட வேண்டும். எடுத்துக்கொள் என்று. அவர் எடுத்தால் பலகையின் நடுப்பகுதி நமக்கு. யானை வெளியே வரவும் வழி திறக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. நம் ராஜாவுக்குப் பக்கத்துச் சுவர் போய்விடும்.

எனக்கு அது பார்த்த உடனே பிடித்தது. தர்ஷிக்குப் பிடிக்கவில்லை. "சும்மா ஒண்ண குடுக்கச் சொல்றாரு, பைத்தியமா?" என்றாள். அதனால் எங்கள் வீட்டில் வழக்கம் இப்படி ஆயிற்று: நான் கொடுப்பேன், அவள் எடுப்பாள். நான் வைத்து முடிப்பதற்குள் அவள் கை வந்துவிடும். ஒரு நாளும் அவள் அந்தச் சிப்பாயை எடுக்காமல் விட்டதில்லை.

அட்டனில் ஞாயிற்றுக்கிழமைகள்

பல்கலைக்கழகத்துக்கு எனக்குப் புள்ளி போதவில்லை. அட்டனில் மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. தர்ஷி நன்றாகப் படித்தாள். கண்டிக்குப் போய்க் கணக்கியல் படிக்கத் தொடங்கினாள்.

அட்டனில் ஒரு டியூஷன் மண்டபத்தில் ஞாயிறு மாலைகளில் சிலர் சதுரங்கம் ஆடுவார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். போனேன். எல்லாரும் ஆண்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "யாரத் தேடி வந்தீங்க?" என்றார். ஆட வந்தேன் என்றேன்.

அங்கே ஒரு வங்கி ஊழியர் இருந்தார். நன்றாக ஆடக்கூடியவர், நல்ல மனிதரும்கூட. என் சிப்பாயைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இத இப்ப யாரும் ஆடுறதில்லங்க. பழைய காலத்து ஆட்டம். கொஞ்சம் தெரிஞ்சவங்க கையில மாட்டுனா நீங்க காலி."

அன்றைக்குக் காலியானேன். அவருடைய ராணி பலகையின் ஓரத்துக்கு வந்து நின்று செக் வைத்தது. என் ராஜா ஓட இடமில்லாமல் நடுத்தெருவில் நின்றார். தேநீர் ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது வேறு தொடக்கம் படித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. ஆட்டத்தின்மேல் இல்லை. அது எனக்கு முழுதாகத் தெரியவில்லையே என்ற கோபம். அந்த ராணி ஏன் வந்தது, வராமல் தடுக்க எந்தக் குதிரையை எப்போது வைக்க வேண்டும், வந்துவிட்டால் ராஜாவை எங்கே நகர்த்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேறு எதையும் தொடவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போனை வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

பெட்ரோல் இல்லாத காலம் வந்தது. பஸ் ஓடாத ஞாயிறுகளில் மரக்கறி லொறியில் முன்னால் ஏறிப் போயிருக்கிறேன். லொறி இல்லாத நாளில் பாதி வழி நடந்திருக்கிறேன். மண்டபத்தில் கரண்ட் இருக்காது. வாசலுக்கு மேசையை இழுத்துப் போட்டு, வெளிச்சம் இருக்கும்வரை ஆடுவோம்.

ஒரு ஞாயிறு வங்கி ஊழியர் அதே ராணியை அதே ஓரத்துக்குக் கொண்டுவந்தார். நான் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, குதிரையால் அந்த ராணியைத் துரத்தத் தொடங்கினேன். அது பலகை முழுக்க ஓடியது. கடைசியில் அவர் கை கொடுத்தார்.

"சரி, நீங்க இதையே ஆடுங்க" என்றார். அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மதியத்துக்கு மாலு பனிஸ்

தெரிவுப் போட்டிக்கு நான் அட்டனிலிருந்து பெயர் கொடுத்தேன். தர்ஷி கண்டியிலிருந்து வந்து பெயர் கொடுத்தாள். வீட்டு விலாசம் ஒன்றுதான் என்பதால் இரண்டு பேரும் ஒரே மாவட்டம். வேறு வேறு ஆட்களோடு ஆடி, இரண்டு பேரும் ஜெயித்து ஜெயித்துக் கடைசியில் ஒருத்திக்கு எதிரே ஒருத்தி வந்து நிற்போம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

கடைசிச் சுற்றின் ஜோடிகளை மதிய இடைவேளையில் சுவரில் ஒட்டினார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே போன் அடித்தது. அம்மா. மலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பேசுகிறார். பின்னால் மற்றப் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"சுகந்தி, தர்ஷி இப்பதான் போன் பண்ணுனா. ஒன்கூடத்தான் ஆட்டமாமே?"

"ஆமாம்மா."

"சின்னவளுக்கு விட்டுக் குடும்மா. அவ படிக்கிற பிள்ள. அந்த சர்ட்டிபிகேட்டு அவளுக்குத்தான் ஒதவும். மருந்துக் கடையில அத வெச்சிக்கிட்டு நீ என்னா செய்யப் போற?"

அம்மா அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வீட்டில் போன் யாருக்கு, ஜன்னல் பக்கம் யார் படுப்பது, தீபாவளிக்கு முதலில் யாருக்கு உடுப்பு என்று எல்லாவற்றிலும் இப்படித்தான் தீர்ப்பு வரும். நானும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அன்றைக்கு மட்டும் அப்படி விட முடியவில்லை.

"பாக்குறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மண்டபத்துக்கு வெளியே ஒரு சிமெண்டுக் கட்டையில் போய் உட்கார்ந்தேன். ஜெயித்தால் கடையில் லீவு கேட்க வேண்டும், முதலாளி முகம் சுளிப்பார். தோற்றால் எல்லாருக்கும் நல்லது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்றுகூட எனக்கு ஒப்பவில்லை. இந்த இடம் எனக்கு வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் வேண்டும்.

தர்ஷி கடதாசிப் பையில் மாலு பனிஸும் இரண்டு பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே மீன் வைத்த அந்தப் பனிஸில் பெரியதை என் கையில் வைத்தாள்.

"அம்மா பேசுனாங்களா?"

"ம்."

"என்னா சொன்னாங்க?"

நான் பனிஸைப் பிட்டேன். அவள் பனிஸைக் கடித்து மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"என்கிட்ட, அக்கா விட்டுக் குடுத்துருவா, நீ பயப்படாதன்னு சொன்னாங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"எனக்குத் தெரியும். ஆனா நீ செய்வ. பேசாம எதையாவது தப்பா வெச்சிட்டு, தெரியாம வெச்சிட்டேன்னு சொல்லுவ. எனக்குத் தெரியாதா ஒன்னைய?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்படிச் செஞ்சேன்னு வை, நான் ஒன்கூட பேசவே மாட்டேன். அந்த எடத்துல போய் ஒக்காந்து நான் என்னா ஆடுறது? ஒவ்வொரு ஆட்டத்துலயும் இது அக்கா போட்ட பிச்சைன்னுதான் தோணும்."

"நெசமாத்தான் ஆடப்போறேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா. தோத்தா நீ அழக்கூடாது."

"நீ அழாம இரு."

இருவரும் பிளேன்டீயைக் குடித்து முடித்தோம்.

எதிர்பாராதது

ஆக, என் கை அந்தச் சிப்பாயைத் தொடாமல் அதற்கு மேலே நின்றது.

எதைத் தொடங்குவேன் என்று உலகத்தில் ஒருத்திக்கு முழுதாகத் தெரியுமென்றால் அது எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குத்தான். வேறு ஏதாவது ஆடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் வேறு எதை ஆடினாலும் நான் அரைமனதோடு ஆடுவேன் என்றும் தெரிந்தது. சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்துக் கடிகாரத்தை அழுத்தினேன்.

அவள் கை பறந்து வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

தர்ஷி இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள். பிறகு தன் ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை எடுத்து என் சிப்பாய்க்கு எதிரே கொண்டுவந்து வைத்தாள். நீ கொடுப்பதை நான் எடுக்கவில்லை, நான் கொடுப்பதை நீ எடு என்கிற மாதிரி.

அவள் இதை என்னிடம் ஆடியதே இல்லை. இதைக் கண்டியில் தனியாகப் படித்திருக்கிறாள். இந்தத் தொடக்கத்தை ஆடும் ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்திதான். அப்படியென்றால் எனக்காகவே படித்திருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். சிரிப்பு வந்துவிடும் போல் இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சிப்பாயை எடுத்தேன். அவள் நடுவில் நின்ற தன் சிப்பாயை ஒரு படி முன்னால் தள்ளி என் பக்கத்துக்குள் நுழைத்தாள். நான் பிஷப்பால் செக் வைத்தேன். அவள் இன்னொரு சிப்பாயைக் குறுக்கே வைத்தாள். அதையும் எடுத்தேன். அவள் குதிரை என் சிப்பாயைத் தின்றுவிட்டு நல்ல இடத்தில் வந்து நின்றது.

நிமிர்ந்து முழுப் பலகையையும் பார்த்தபோதுதான் விளங்கியது. என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் அவளுடைய குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே வந்துவிட்டன. என் ஆட்கள் பாதிப் பேர் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவள் ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டாள். என் ராஜா நடுவில் நிற்கிறார். அவருக்கு நேர் எதிரே அவளுடைய யானை.

பக்கத்து மேசைக்காரர் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து வந்து நின்றார். பார்த்தார். போகவில்லை.

"ட்ரோ?"

தர்ஷி பிஷப்பை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ட்ரோ?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆட்டத்தில் அப்படிக் கேட்க உரிமை உண்டு. அவள் இடத்தில் யார் இருந்தாலும் கேட்பார்கள். அவளுக்கு நல்ல நிலைமை, சமநிலை கிடைத்தாலே போதும். ஏன் வீணாக ஆபத்தில் இறங்க வேண்டும்? அவள் முகத்தில் தந்திரமும் இல்லை, இரக்கமும் இல்லை. சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்டாள்.

சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம். தோற்கவும் மாட்டேன். விட்டுக் கொடுத்தேன் என்றும் ஆகாது. அம்மா சொன்னதும் நடந்துவிடும்.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"வேணாம்" என்றேன். "ஆடு."

அவள் கண்கள் ஒரு கணம் அகன்றன. பிறகு பலகைமேல் குனிந்துகொண்டாள்.

அந்த நிலையில் நான் நெடுநேரம் யோசித்தேன். கடிகாரம் என் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயிப்பது எப்படி என்று யோசிக்கவில்லை. அடுத்த பத்து நகர்த்தலுக்கு உயிரோடு இருப்பது எப்படி என்று மட்டும் பார்த்தேன். அந்த ராணிகள் இரண்டும் பலகையில் இருக்கும்வரை என் ராஜா பிழைக்க மாட்டார். அவற்றை ஒன்றுக்கு ஒன்றாக வெட்டி மாற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. அதற்கு ஒரு சிப்பாயைக் கொடுக்க வேண்டும். எதைத் தெரியுமா? அவள் எடுக்க மாட்டேன் என்று விட்டாளே, அதைத்தான்.

கொடுத்தேன். இந்த முறை எடுத்தாள். எடுக்காமல் இருக்க முடியாது. ராணிகள் போயின. அப்புறம் குதிரைகள், பிஷப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. ஆளுக்கு ஒரு யானையும் ராஜாவும் சம அளவு சிப்பாய்களும் மிஞ்சின.

ராஜா நடந்தார்

இப்போது எல்லாரும் எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். மற்ற ஆட்டங்கள் முடிந்துவிட்டன. நடுவர் ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சதுரங்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ராஜா ஒளிந்திருக்க வேண்டிய ஆள். ஆனால் காய்கள் குறைந்து கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால், அவர் வெளியே வந்து சண்டை போட வேண்டும். அவள் ராஜா ஓரத்து மூலையில் பத்திரமாக இருந்தார். என் ராஜாவோ மதியத்திலிருந்து ஒளிய இடம் கிடைக்காமல் நடுப்பலகையில் அடி வாங்கிக்கொண்டு நின்றவர். இப்போது எல்லா வேலைக்கும் கிட்ட இருந்தவர் அவர்தான்.

தர்ஷியும் இதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் பலகையின் ஓரத்தில் என் சிப்பாய் ஒன்று காவல் இல்லாமல் நின்றது. அவள் யானை அங்கே போய் அதைத் தின்றது. வீட்டில் ஆடும்போது அவள் கை பறந்து வருமே, அதே வேகத்தோடு.

நான் ராஜாவை ஒரு படி முன்னால் வைத்தேன். பிறகு இன்னொரு படி. வழியில் நின்ற அவளுடைய சிப்பாயோடு என்னுடைய ஒன்றை மாற்றிக்கொண்டேன். இனி என் ஒரு சிப்பாய்க்கு முன்னால் தடுக்க யாரும் இல்லை. கடைசி வரிசையைத் தொட்டுவிட்டால் அது ராணியாகிவிடும். ராஜா ஒரு பக்கம், யானை ஒரு பக்கம், நடுவில் அந்தச் சிப்பாய். கட்டம் கட்டமாக மேலே போனோம். அவள் ராஜா மூலையிலிருந்து ஓடி வந்தார். தூரம் அதிகம்.

தர்ஷியின் கழுத்து சிவந்துவிட்டது. யானையால் பின்னாலிருந்து செக் வைத்தாள். விலகினேன். மறுபடியும் வைத்தாள். என் யானையைக் குறுக்கே வைத்து மறைத்தேன். அதற்குப்பின் அவளிடம் செக் இல்லை. தன் யானையைக் கொடுத்தால்தான் என் சிப்பாயை நிறுத்த முடியும். கொடுத்தாலும் ஆட்டம் போய்விடும்.

அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள்.

விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. நான் கொஞ்சம் அதிகநேரம் பிடித்திருந்தேன் போல. இழுத்துக்கொண்டாள். தாளில் கையெழுத்துப் போட்டாள், எழுந்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பக்கத்து மேசைக்காரர் தொண்டையைச் செருமினார். "நல்ல ஆட்டம்" என்றார். நடுவர் என் தோளைத் தட்டினார். நான் தர்ஷியைத் தேடிப் போனேன். பெண்கள் கழிவறை வாசலில் போய் நின்றேன். உள்ளே குழாய் திறந்து ஓடிக்கொண்டே இருந்தது. போய்க் கூப்பிடலாமா என்று நினைத்தேன். என்னிடமிருந்து ஆறுதல் கேட்கும் நேரமில்லை அது. காத்திருந்தேன்.

லிந்துலைச் சந்தி

நானுஓயா வழியாக வீட்டுக்குத் திரும்பினோம். தர்ஷி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். லிந்துலைச் சந்தியில் இறங்கி, அக்கரப்பத்தனை பஸ்ஸுக்காகக் கடை ஓரத்தில் நின்றோம்.

"அந்த பிசப்பு செக்கு ஏன் வெச்ச?" என்றாள் திடீரென்று. "அது தப்பு."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வெச்ச?"

"வெச்சப்பறம்தான் தெரிஞ்சிச்சி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் அந்த ஓரத்து சிப்பாயத் தின்னுருக்கக் கூடாது" என்றாள்.

"ஆமா. தின்னுருக்கக் கூடாது."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா நீ?"

"நெசமா ஆடச் சொன்னது நீதானே."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது, ஏறினோம். வீடு வரும்வரை ஒவ்வொரு நகர்த்தலாகத் திரும்பவும் பேசிக்கொண்டே வந்தோம். முன் சீட்டில் இருந்தவர், ஏதோ காணித் தகராறு என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்குச் செய்தி எப்படியோ எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. அம்மா அடுப்படியில் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தர்ஷிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அவள் தலையைத் தடவினார். பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து பாக்கியம் அத்தை வாசலுக்கு வந்து நின்றார்.

"என்னா சுகந்தி, கூடப் பொறந்தவதானே? சின்னப் பிள்ளைக்கு விட்டுக் குடுத்திருக்கலாமே."

நான் வாய் திறப்பதற்குள் தர்ஷி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத்தை, என்னைய யாரும் ஏமாத்தல. நான் தோத்தேன், அக்கா ஜெயிச்சா. அவ ட்ரோ குடுத்திருந்தா நான் போயிருப்பேன். அவ குடுக்கல. நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க இனிமே அவகிட்ட அப்படிக் கேக்காதீங்கம்மா. எனக்கு வேணும்னா நானே ஜெயிச்சி எடுத்துக்குவேன்."

பாக்கியம் அத்தை ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளி விட்டார். பிறகு எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினார்.

"எப்ப போவணும்?"

"அடுத்த மாசம்மா. கண்டியில மாகாணப் போட்டி."

"எத்தன நாளு?"

"மூணு நாளு."

"நானும் வர்றேன்" என்றார் அம்மா. "ரெண்டு பேரும் இப்படி மூஞ்சி வீங்கி வந்து நிக்கிறீங்க. அப்படி என்னா ஆட்டம்தான்னு நான் பாக்கணும்."

சொன்னபடி வந்தார். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயரைச் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு, திருவிழாவுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தர்ஷிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தர்ஷி காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் நாள் முதல் ஆட்டம் கிட்டத்தட்ட மதியம்வரை போனது. எழுந்து வெளியே வந்தபோது எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

அம்மா சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தார்.

"ஜெயிச்சிட்டியா?"

"தோத்துட்டேம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஆட்டம் இருக்குல்ல?"

"இருக்கு. ரெண்டு மணிக்கு."

"அப்ப கையக் கழுவிட்டு வந்து சாப்புடு" என்றார் அம்மா.